பின்வாங்கிய மூவர்: நிறுத்தும் முடிவுகளிலிருந்து தலைமையைக் கற்றல்

தலைமைப் பண்பைப் பற்றி நம்மிடையே புழங்கும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும் ஒரு வசதியான வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. வென்றவர் ஒருவரை எடுத்துக்கொள்வது, அவரிடம் இருந்த குணங்களைப் பட்டியலிடுவது, அந்தக் குணங்களால்தான் அவர் வென்றார் என்று முடித்துவிடுவது. துணிவு, தொலைநோக்கு, விடாமுயற்சி என்று அந்தப் பட்டியல் யாருக்கும் பொருந்தும்படியே இருக்கும். இதே குணங்களோடு தோற்றவர்கள் எத்தனை பேர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. விடாமுயற்சியால் வென்றவருக்குச் சிலை இருக்கிறது. அதே விடாமுயற்சியால் தன்னையும் தன்னை நம்பியவர்களையும் அழித்துக்கொண்டவருக்குப் பாடநூலில் இடமில்லை.

குணங்களை விட்டுவிட்டு முடிவுகளைப் படிப்பது இதைவிடப் பயன் தரும். குணம் என்பது பிறர் சூட்டும் பெயர். முடிவுக்கோ தேதி உண்டு, இடம் உண்டு. அன்று அவர் கையில் என்ன தகவல் இருந்தது, வேறு என்ன வழிகள் திறந்திருந்தன, யார் தடுத்தார்கள், யார் இழந்தார்கள் என்றெல்லாம் விசாரிக்க முடியும். அப்படி விசாரித்தால், ஒரு தலைவர் தொடங்கியவற்றைவிட அவர் நிறுத்தியவையே அவரைப் பற்றி அதிகம் சொல்கின்றன. தொடங்கும்போது உற்சாகம் துணைக்கு வரும். கூட்டம் பின்னால் நிற்கும். நிறுத்தும்போது இரண்டுமே எதிர்ப்பக்கம் போய்விடும். வெற்றி என்று எடுத்துக் காட்டவும் கையில் ஒன்றும் இருக்காது.

போரில் புறமுதுகு காட்டுவதைப் பழித்த தமிழ் மரபு, காலம் பார்த்து ஒதுங்குவதைப் பழிக்கவில்லை. குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. காலமறிதல் அதிகாரம் ஒடுங்கியிருப்பதைப் பாய்ச்சலுக்கான ஆயத்தமாகப் பார்க்கிறது. ஆனால் மறுபடி பாய வாய்ப்பு வருமா என்றே தெரியாத நிலையில் பின்வாங்க நேர்ந்தவர்களும் வரலாற்றில் உண்டு. அப்படிப்பட்ட மூன்று முடிவுகளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது: 1909இல் தென் துருவத்தை எட்டாமல் திரும்பிய எர்னஸ்ட் ஷாக்கில்டன், 1922இல் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திய காந்தி, 1963இல் முதலமைச்சர் பதவியை விட்ட காமராஜர். மூவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எல்லையை எப்போது வகுத்தார்? விலையை யார் கொடுத்தார்கள்? அதற்குப் பிறகு என்ன செய்தார்?

துருவத்துக்கு 180 கிலோமீட்டர் முன்னால்

1908 அக்டோபர் 29 அன்று ஷாக்கில்டனும் ஃபிராங்க் வைல்ட், எரிக் மார்ஷல், ஜேம்சன் ஆடம்ஸ் ஆகிய மூவரும் அண்டார்க்டிகாவின் ராய்ட்ஸ் முனையிலிருந்து தென் துருவம் நோக்கிப் புறப்பட்டார்கள். சுமை இழுக்க நான்கு மட்டக்குதிரைகள் இருந்தன. மூன்றை வழியில் ஒவ்வொன்றாகச் சுட்டு, இறைச்சியை உணவாக்கிக்கொண்டார்கள். நான்காவது, டிசம்பர் 7 அன்று பியர்ட்மோர் பனியாற்றின் வெடிப்பு ஒன்றில் விழுந்து மறைந்தது. அதன் பிறகு மனிதர்களே சறுக்குவண்டியை இழுத்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில், எடுத்துவந்த உணவை இன்னும் பல நாட்களுக்கு நீட்டிக்க வேண்டும் என்று, ஏற்கெனவே போதாமல் இருந்த பங்கை மேலும் குறைத்தார்கள்.

1909 ஜனவரி 9 அன்று தெற்கு அட்சரேகை 88 பாகை 23 கலையில் கொடியை நட்டுவிட்டு ஷாக்கில்டன் திரும்பினார். துருவம் அங்கிருந்து 97 கடல் மைல், அதாவது சுமார் 180 கிலோமீட்டர். அதுவரை எந்த மனிதரும் தெற்கே அவ்வளவு தூரம் போனதில்லை. இன்னும் சில நாட்கள் நடந்திருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கலாம். உயிரோடு திரும்பியிருக்க முடியாது என்பதே அவருடைய கணக்கு. பயணத்துக்காகக் கடன் வாங்கியவர் அவர். துருவப் பயணி ஸ்காட்டின் முந்தைய அண்டார்க்டிகப் பயணத்தில் உடல்நலம் கெட்டு, 1903இல் பாதியில் ஊருக்கு அனுப்பப்பட்டவர். துருவத்தைத் தொட்டு அந்தப் பழைய அவமானத்தைத் துடைக்க அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன.

இந்தக் கதை வழக்கமாக இங்கேயே முடிக்கப்படுகிறது. நம் கேள்விகளை வைத்துப் பார்த்தால் இது பாதிதான். முதலில், எல்லை எப்போது வகுக்கப்பட்டது? மிகத் தாமதமாக. திரும்பும் வழியில் ஒவ்வொரு உணவுக் கிடங்கையும் அவர்கள் எட்டியபோது முந்தைய கிடங்கின் உணவு தீர்ந்தோ தீரும் நிலையிலோ இருந்தது. குதிரை இறைச்சி வயிற்றைக் கெடுத்துப் படுக்க வைத்தது. கடைசிக் கட்டத்தில் மார்ஷல் விழுந்துவிட, ஆடம்ஸை அவருடன் விட்டுவிட்டு ஷாக்கில்டனும் வைல்டும் கரைக்கு விரைந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் ‘நிம்ராட்’ கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. சோர்ந்து கிடந்த ஷாக்கில்டன், மீட்புக் குழுவைத் தானே நடத்திச் சென்று மற்ற இருவரையும் கொண்டுவந்தார். நால்வரும் பிழைத்ததில் அவருடைய நிதானத்துக்கு உள்ள பங்கு அளவுக்கு வானிலைக்கும் வாய்ப்புக்கும் பங்கு உண்டு. பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது திரும்பியதை மட்டுமல்ல, ஒரு வாரம் முன்பே திரும்பியிருக்க வேண்டும் என்பதையும்தான்.

இரண்டாவது, விலை. பசியில் அனைவரும் சரிந்துகொண்டிருந்த ஜனவரி 31 அன்று, ஷாக்கில்டன் தன் பங்கு பிஸ்கட்டை வைல்டிடம் வலிந்து கொடுத்தார். உலகில் அச்சடித்த பணம் முழுவதும் அந்த ஒரு பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்ற பொருளில் வைல்ட் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதற்கு முன்பு அவர் தலைவர்மீது அப்படியொன்றும் மயங்கிக் கிடந்தவர் அல்ல. எரிக் மார்ஷலின் நாட்குறிப்போ ஷாக்கில்டனைக் கடுமையாக ஏசுகிறது. ஒரே கூடாரத்தில், ஒரே பசியில் இருந்த இருவர் ஒரே தலைவரை இப்படி இருவிதமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தலைவருடைய முடிவைப் பற்றி ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, பிறகு என்ன செய்தார். 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை எட்டிய ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் திரும்பும் வழியில் மாண்டார்கள். 1909இன் முடிவுக்கு இருந்த மதிப்பு அப்போதுதான் முழுமையாக வெளிப்பட்டது. 1914இல் ஷாக்கில்டன் ‘என்டூரன்ஸ்’ கப்பலில் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கக் கிளம்பினார். பனிக்கட்டிகள் கப்பலை நெரித்தன. 1915 நவம்பரில் அது மூழ்கியது. யானைத் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியாவை அடைந்து உதவி கேட்டார். 1916 ஆகஸ்ட் 30 அன்று சிலி நாட்டுக் கப்பல் ‘யெல்சோ’ எஞ்சியோரை மீட்டது. 28 பேரும் பிழைத்தார்கள். யானைத் தீவில் நான்கு மாதங்களுக்கு மேல் அந்த 22 பேரையும் கட்டிக்காத்தவர், 1909இல் பிஸ்கட்டைப் பெற்ற அதே வைல்ட்.

நிர்வாகவியல் வகுப்புகளில் ஷாக்கில்டன் கொண்டாடப்படுவது இந்த 28 பேருக்காக. அதே பயணத்தில் கண்டத்தின் மறுபக்கத்தில், ராஸ் கடல் பகுதியில், அவருக்காக உணவுக் கிடங்குகள் அமைக்க அனுப்பப்பட்ட இன்னொரு குழு இருந்தது. பணமும் ஆயத்தமும் போதாமலேயே அது கிளம்பியிருந்தது. அவர்களுடைய கப்பல் புயலில் கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது; பத்துப் பேர் கரையில் சிக்கினார்கள். இருந்தும் சொன்ன இடம்வரை கிடங்குகளை அமைத்தார்கள். அந்த வேலையில் மூவர் இறந்தார்கள். ஷாக்கில்டன் கண்டத்தில் காலே வைக்காததால் அந்தக் கிடங்குகளை யாரும் பயன்படுத்தவில்லை. ‘ஒருவரையும் இழக்காத தலைவர்’ என்ற புகழ் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிச் சொல்லப்படுவது. கண்ணெதிரே இருந்தவர்களைக் காத்தவர், கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு அதே அக்கறையுடன் ஏற்பாடு செய்யவில்லை.

பர்தோலியில் ஒரு வாரம்

காந்தியின் முடிவு இதைவிடச் சிக்கலானது. ஷாக்கில்டன் நான்கு உயிர்களுக்குப் பொறுப்பேற்றிருந்தார். காந்தியின் பின்னால் ஒரு நாடே நடந்துகொண்டிருந்தது. 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கத்தில் வழக்கறிஞர்கள் தொழிலை விட்டார்கள், மாணவர்கள் கல்லூரிகளை விட்டார்கள். 1922 தொடக்கத்தில் சுமார் 30,000 பேர் சிறையில் இருந்தார்கள். மோதிலால் நேரு, சித்தரஞ்சன் தாஸ், லாலா லஜபதிராய் ஆகியோர் உள்ளே. ராஜாஜி வேலூர்ச் சிறையில். அடுத்த கட்டமாக குஜராத்தின் பர்தோலி வட்டத்தில் வரிகொடா இயக்கம் தொடங்கும் என்று பிப்ரவரி 1 அன்று வைசிராய் ரீடிங்குக்குக் காந்தி கடிதம் எழுதினார்.

பிப்ரவரி 4 அன்று கோரக்பூர் மாவட்டத்தின் சௌரி சௌராவில் ஊர்வலம் சென்றவர்கள்மீது போலீசார் சுட்டார்கள், சிலர் இறந்தார்கள். ஆத்திரமடைந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட போலீசார் கொல்லப்பட்டார்கள். செய்தி எட்டிய சில நாட்களில், பிப்ரவரி 11, 12 தேதிகளில் பர்தோலியில் கூடிய காங்கிரஸ் செயற்குழு, காந்தியின் வற்புறுத்தலால் சட்டமறுப்பை நிறுத்தி வைத்தது. அவர் ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார்.

சௌரி சௌரா அவருக்கு முதல் எச்சரிக்கை அல்ல. 1921 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் பம்பாய்க்கு வந்தபோது கலவரம் வெடித்தது. அப்போதே பர்தோலித் திட்டத்தை அவர் ஒருமுறை தள்ளிவைத்தார். 1922 ஜனவரியில் இளவரசரின் சென்னை வருகையின்போதும் வன்முறை நடந்தது. சென்னை தந்த எச்சரிக்கையைத் தான் பொருட்படுத்தவில்லை என்று பின்னர் அவரே எழுதினார். ஆகவே எல்லை வகுக்கப்பட்டது கடைசி நிமிடத்தில் அல்ல. வன்முறை கலந்தால் நிறுத்துவேன் என்பது முன்பே சொல்லப்பட்டதுதான். ஆனால் எவ்வளவு வன்முறை, எங்கே நடந்தால், யார் செய்தால் என்பது வரையறுக்கப்படாமல் அவருடைய மனச்சாட்சியிடமே விடப்பட்டிருந்தது. சிறையிலிருந்த தலைவர்கள் கொதித்தது இதனால்தான். எங்கோ ஒரு கிராமத்தில் நடந்த குற்றத்துக்கு நாடு முழுவதும் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அந்த மாதக் கடைசியில் டெல்லியில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவர்மீது கண்டனத் தீர்மானமே வந்தது, அது தோற்றது.

விலையைப் பொறுத்தவரை, காந்தி தன் பங்கைத் தயங்காமல் கொடுத்தார். மார்ச் 10 அன்று கைதானார். 18 அன்று அகமதாபாத் நீதிமன்றத்தில், பம்பாய், சௌரி சௌரா நிகழ்வுகளிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்ள முடியாது என்று ஒப்புக்கொண்டு, குற்றத்தை ஏற்று, ஆறாண்டு தண்டனையை வாங்கிக்கொண்டார். தொண்டர்கள் செய்ததற்கு நான் பொறுப்பல்ல என்று ஒதுங்கிக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. ஒதுங்கவில்லை.

ஆனால் மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் சௌரி சௌராவின் ஏழை விவசாயிகள். 1923 ஜனவரியில் செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் மதன்மோகன் மாளவியா வாதாடினார். அலகாபாத் உயர் நீதிமன்றம் 19 பேருக்குத் தூக்கை உறுதிசெய்தது. அந்த ஆண்டே அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். காந்தியின் பெயரைச் சொல்லித் திரண்டவர்கள் அவர்கள். ‘குற்றவாளிகள்’ தாங்களாகவே சரணடைய வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் காந்தி சொன்ன அறிவுரை. தேசிய வரலாற்றில் அந்த விவசாயிகள் நெடுங்காலம் ஒரு களங்கமாக மட்டுமே நினைக்கப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் ஷாஹித் அமீன் அந்த ஊருக்கே சென்று எஞ்சியோரின் நினைவுகளைத் திரட்டி 1990களில் நூலாக்கிய பிறகுதான், அவர்கள் பெயரும் முகமும் உள்ள மனிதர்களாக ஆய்வுலகில் இடம்பெற்றார்கள். தலைவர் ஒரு இயக்கத்தை நிறுத்தும்போது, அதற்காக ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டவர்கள் யாருடைய பொறுப்பு? பர்தோலித் தீர்மானம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வந்தால், காந்தி மற்ற இருவரையும்விட ஒரு படி மேலே நிற்கிறார். நிறுத்தியதோடு விடாமல், மக்கள் அகிம்சைக்குப் பழக்கப்படாததே குறை என்று கண்டு, கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு, தேசியப் பள்ளிகள் என்று நிர்மாணத் திட்டத்தை முன்வைத்தார். பலருக்கு அது சப்பென்று இருந்தது. ஆனால் பர்தோலியில் அந்த வேலை ஆறாண்டுகள் ஓசையில்லாமல் நடந்தது. 1928இல் வல்லபபாய் பட்டேல் அதே வட்டத்தில் நிலவரி உயர்வை எதிர்த்து நடத்திய சத்தியாகிரகம் கட்டுக்குலையாமல் நின்று வென்றது. உயர்வை விசாரிக்க அமைந்த இருவர் குழுவில் ஒருவர் ப்ரூம்ஃபீல்ட், 1922இல் காந்திக்குத் தண்டனை விதித்த அதே நீதிபதி. அந்தக் குழுவின் பரிந்துரையால் வரி உயர்வு பெருமளவு குறைந்தது.

1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன்பு, ஆங்காங்கே வன்முறை நடந்தாலும் இந்த முறை இயக்கம் நிற்காது என்று காந்தி முன்கூட்டியே அறிவித்தார். முதல் நடைப்பயணத்துக்குக் கூட்டத்தைத் திரட்டாமல், ஆசிரமக் கட்டுப்பாட்டில் வாழ்ந்த 78 பேரை மட்டும் அழைத்துச் சென்றார். ஏப்ரலில் சிட்டகாங் ஆயுதக் கிடங்கு தாக்கப்பட்டது, இயக்கம் நிற்கவில்லை. திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடத்திய பயணமும் இதே முறையில், தேர்ந்தெடுத்த சுமார் 100 தொண்டர்களோடுதான் நடந்தது. 1922இல் மனச்சாட்சியிடம் விடப்பட்டிருந்த எல்லை, 1930இல் எல்லோரும் முன்கூட்டியே அறிந்த விதியாகிவிட்டது. தான் நிறுத்தியது சரி என்று காந்தி கடைசிவரை நம்பினார். ஆனாலும் நிறுத்தும் முறையை மாற்றிக்கொண்டார். தன் முடிவை நியாயப்படுத்துவதும் அதிலிருந்து கற்றுக்கொள்வதும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்க முடியும்.

கோட்டையை விட்டு வெளியே

மூன்றாவது முடிவு தமிழ் வாசகர்கள் நன்கு அறிந்தது. அதனாலேயே அதிகம் ஆராயப்படாதது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர், ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். சட்டமன்றக் கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும் அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் தன் சிறிய அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். பள்ளிகளும் மதிய உணவும் அணைகளும் தொழிற்பேட்டைகளும் வந்த ஆண்டுகள் அவை. மூன்றாவது முறையாக ஆட்சியில் இருந்தபோது, ஒன்பதரை ஆண்டு முடிவில், 1963 அக்டோபர் 2 அன்று பதவி விலகினார்.

அப்போது காங்கிரஸ் தளர்ந்துகொண்டிருந்தது. 1962இல் சீனாவிடம் ஏற்பட்ட தோல்வி நேருவின் மதிப்பைக் குறைத்தது. 1963 மே மாதம் நடந்த மக்களவை இடைத்தேர்தல்களில் கிருபளானி, லோகியா, மினு மசானி ஆகிய மூவரும் காங்கிரசைத் தோற்கடித்து உள்ளே வந்தார்கள். சென்னை மாநிலத்தில் 1962 தேர்தலில் திமுக 50 இடங்களைப் பிடித்திருந்தது. மூத்த தலைவர்கள் பதவிகளை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜரின் யோசனையை ஆகஸ்ட் மாதம் காங்கிரஸ் ஏற்றது. மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன் ராம், எஸ்.கே. பாட்டீல் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும், காமராஜர் உள்ளிட்ட ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள். யோசனை சொன்னவரே முதலில் நாற்காலியை விட முன்வந்ததுதான் திட்டத்துக்கு வலுவைத் தந்தது.

இங்கே நம் பாராட்டு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பதவியைத் துறந்தவரைக் கண்டால் நாம் உடனே கையெடுத்துக் கும்பிடுகிறோம். துறந்த பிறகு அந்த நாற்காலிக்கும் அதை நம்பியிருந்தவர்களுக்கும் என்ன ஆனது என்று விசாரிப்பதில்லை. விசாரித்தால் கிடைப்பது கலவையான சித்திரம். சாஸ்திரி ஆறு மாதங்களுக்குள், 1964 ஜனவரியில் நேரு நோய்வாய்ப்பட்டதும் மத்திய அமைச்சரவைக்குத் திரும்பிவிட்டார். மற்றவர்களில் கிராமம் கிராமமாகப் போய்க் கட்சியைக் கட்டியவர் என்று பெயர் சொல்ல ஒருவரும் இல்லை. மொரார்ஜியை ஓரங்கட்டவே திட்டம் உதவியது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கமான கட்சிப் புத்துயிர்ப்பு நடக்கவில்லை.

அறிவிக்கப்படாத ஒன்று நடந்தது. 1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாட்டில் காமராஜர் காங்கிரஸ் தலைவரானார். அந்த மே மாதம் நேரு இறந்தார். நேருவுக்குப் பிறகு யார் என்பது பல ஆண்டுகளாக உலகப் பத்திரிகைகள் கேட்டுவந்த கேள்வி. காமராஜர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்துக் கருத்தறிந்து, போட்டியில்லாமல் சாஸ்திரியைத் தேர்வுசெய்ய வைத்தார். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தபோது, வாக்கெடுப்பில் இந்திரா காந்தி 355க்கு 169 என்ற கணக்கில் மொரார்ஜியை வென்றதிலும் அவருடைய கை இருந்தது. இரண்டு முறையும் அவர் தன்னை முன்னிறுத்தவில்லை. விடுதலை பெற்று இருபது ஆண்டுகள்கூட ஆகாத நாட்டில், இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு பிரதமர்கள் இறந்தும் ஆட்சி மாற்றம் சட்டப்படி, அமைதியாக நடந்தது. 1963இல் அவர் கோட்டையில் முதலமைச்சராகவே இருந்திருந்தால் இந்தப் பங்கை அவர் ஆற்றியிருக்க வாய்ப்புக் குறைவு.

இந்த நன்மைக்கு விலை கொடுத்தது தமிழ்நாட்டுக் காங்கிரஸ். காமராஜருக்குப் பின் முதல்வரான பக்தவத்சலம் திறமையான நிர்வாகி. ஆனால் ஆட்சிக்கும் தொண்டனுக்கும் இடையில் இருந்த உயிர்த்தொடர்பு காமராஜர் என்ற ஒரு மனிதரிடம்தான் இருந்தது. 1965 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது மாநில அரசு போலீசையும் துப்பாக்கியையும் நம்பியது. மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அகில இந்தியத் தலைவராக இருந்த காமராஜர் இரு பக்கமும் பேச வேண்டிய நிலையில் மாட்டிக்கொண்டார். அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1967 தேர்தலில் திமுக 137 இடங்களை வென்றது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் காமராஜரே தோற்றார். அதன் பிறகு காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியமைக்கவே இல்லை.

அவர் விலகாமல் இருந்திருந்தால் 1967 வேறாக இருந்திருக்குமா? அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது. திராவிட இயக்கத்தின் வளர்ச்சி, மொழிப் பிரச்சினை, உணவுப் பஞ்சம் ஆகியவை ஒரு மனிதரின் இருப்பால் மறைந்துபோகக் கூடியவை அல்ல. சொல்லக் கூடியது இவ்வளவுதான்: விலகும் முடிவில் காட்டிய துணிவில் ஒரு பங்கை, தான் இல்லாமலும் இயங்கக் கூடிய அடுத்த வரிசையை உருவாக்குவதில் அவர் செலவிடவில்லை. எதிரணியினரை அமைச்சரவையில் சேர்க்கும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் அவரைப் போல மக்களைப் படிக்கத் தெரிந்த இளைஞர்களை வளர்த்தது அண்ணாவின் கட்சியான திமுகதான்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால்

மூன்று முடிவுகளிலும் பொதுவாக இருப்பது எது? மூவரும் தங்கள் சொந்த இழப்பைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஷாக்கில்டன் துருவத்தை, காந்தி தன் செல்வாக்கை, காமராஜர் பதவியை. பின்பற்றியவர்கள் அந்த முடிவை ஏற்றதற்கு இதுவே முதல் காரணம். பிறரை இழக்கச் சொல்பவர் தான் முதலில் இழந்து காட்டினால்தான் அந்தச் சொல் எடுபடும். அதற்கு மேல், நிறுத்தும் அதிகாரம் ஒரு நாளில் வந்துவிடுவதில்லை. பர்தோலியில் காந்தி சொன்னதைக் கோபத்தோடாவது காங்கிரஸ் கேட்டது என்றால், அதற்குப் பின்னால் சம்பாரண் போராட்டத்திலிருந்து சேர்த்த நம்பிக்கை இருந்தது. நேருவிடம் காமராஜர் தன் திட்டத்தைச் சொல்ல முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் ஒன்பதாண்டு ஆட்சி இருந்தது. எதையும் சாதிக்காதவர் பின்வாங்கினால் அது வெறும் தோல்வியாகவே கொள்ளப்படும்.

மூவரும் தவறியதும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான். தங்கள் முடிவால் பாதிக்கப்பட்டவர்களில், அருகில் இருந்தவர்களைப் பார்த்த அளவுக்குத் தொலைவில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. ராஸ் கடலில் கிடங்கு அமைத்தவர்கள், கோரக்பூர்ச் சிறையில் இருந்த விவசாயிகள், மாநிலக் கட்சியின் கடைசித் தொண்டன் ஆகியோர் அந்த முடிவுகளின் கணக்கில் வராதவர்கள். இது மூவருடைய கொடுமையால் நேர்ந்தது அல்ல. பெரிய முடிவை எடுக்கும் நேரத்தில் மனம் எதிரில் இருப்பதையே பற்றிக்கொள்கிறது. தொலைவில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு, முடிவெடுக்கும் நாளில் தோன்றுவதில்லை. முன்பே செய்து வைத்திருந்தால்தான் உண்டு.

இந்த வாசிப்பு அரசியல் தலைவர்களுக்கு மட்டும் பயன்படுவது அல்ல. ஒரு பள்ளியை, கூட்டுறவுச் சங்கத்தை, தொழிற்சங்கத்தை, மகளிர் சுய உதவிக் குழுவை நடத்துபவருக்கும் நிறுத்த வேண்டிய நாள் வரும். கடன் ஏறிக்கொண்டே போகும் ஒரு திட்டம், உறுப்பினர்கள் களைத்துவிட்ட ஒரு வேலைநிறுத்தம், பல ஆண்டுகளாக வகித்த தலைவர் பதவி, எதுவாகவும் அது இருக்கலாம். அந்த நாளுக்கு முன்பே எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்பதைக் கூடிப் பேசி எழுதி வைப்பது, 1922இலிருந்து 1930க்கு காந்தி வந்து சேர்ந்த தூரம். நிறுத்தினால் யார் யார் இழப்பார்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, கூட்டத்துக்கு வராதவர்களையும் அதில் சேர்ப்பது, ராஸ் கடலும் சௌரி சௌராவும் சொல்லித் தரும் வேலை. தான் விலகிய மறுநாள் யார் எதைப் பார்த்துக்கொள்வார் என்பதைத் தான் இருக்கும்போதே சோதித்துப் பார்ப்பது, 1967 கற்றுத்தந்த பாடம்.

வரலாற்று மனிதர்களிடமிருந்து தலைமையைக் கற்பதில் இரண்டு சோம்பல்கள் உண்டு. ஒன்று, அவர்களை அப்படியே வணங்குவது. மற்றது, இன்றைய அறிவை வைத்து அவர்களைத் திட்டுவது. இரண்டிலும் நாம் முடிவெடுக்கும் பாரத்தைச் சுமப்பதில்லை. அவர்கள் அன்று அறிந்திருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நாளில் நாம் என்ன செய்திருப்போம் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் செய்ததைப் படிப்பதே கடினமான, பயனுள்ள பயிற்சி. ஒருவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது எளிதில் கிடைக்கும் தகவல். வாழ்க்கை வரலாறுகள் அதைத் தவறாமல் பதிவுசெய்கின்றன. விட்டுக்கொடுத்ததன் மிச்ச விலையை யார் தலையில் வைத்தார், அதைக் குறைக்க முன்பும் பின்பும் என்ன செய்தார் என்பதைத்தான் நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகு ஒருவர் பெரியவராகவே நின்றால், அவரிடம் கற்க நிச்சயம் ஏதோ இருக்கிறது.